டிசபிலிட்டி பணத்தை நிறுத்திவிட்டார்கள்: கையில் இருக்கும் 180 நாளில் என்ன செய்வது?

வேறு யாராவது படித்தாலும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் டீம் லீட். க்ரீன் கார்டு இருக்கிறது. கீழ்முதுகில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த லாங் டேர்ம் டிசபிலிட்டி பாலிசியில் (உடல்நிலையால் நீண்ட காலம் வேலை செய்ய முடியாதவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தரும் காப்பீடு) இரண்டு வருடம் மாதாமாதம் பணம் வந்தது. 24 மாதம் முடிந்ததும், “உட்கார்ந்து செய்யும் வேறு வேலை இவரால் பார்க்க முடியும்” என்று ஒரு கடிதம் அனுப்பி காப்பீட்டு நிறுவனம் நிறுத்திவிட்டது. அந்த நிறுவனத்திடமே அப்பீல் செய்ய 180 நாள் அவகாசம். நாங்களே எழுதலாமா, வக்கீல் வேண்டுமா, இதற்கு நடுவில் அவர் மூன்று மாதம் ஊருக்குப் போய் வரலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஒன்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். அப்புறம் இந்த மாதிரி வழக்குகளை எடுக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு தயாரிக்கும் வேலைக்குப் போனேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எல்லோரிடமும் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: அப்பீலைப் புகார்க் கடிதமாக நினைக்காதீர்கள். உங்கள் வழக்கின் விசாரணையே அதுதான்.

ஏன் அப்படி என்று விளக்குகிறேன். தனியார் கம்பெனி மூலம் கிடைக்கும் இந்த பாலிசிகள் பெரும்பாலும் எரிஸா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. பணியாளர்களின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் டிசபிலிட்டி வழக்குகளில் அது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் வசதியாக இருக்கிறது. மறுப்பை எதிர்த்து நீங்கள் நீதிமன்றம் போகலாம், ஆனால் அங்கே ஜூரி கிடையாது. பொதுவாக உங்கள் கணவர் சாட்சிக் கூண்டில் ஏறி வலியைப் பற்றிப் பேசவும் மாட்டார். அப்பீல் முடிந்த நாளில் கோப்பில் என்ன இருந்ததோ, நீதிபதி பெரும்பாலும் அதை மட்டும்தான் படிப்பார். அப்பீலில் சேர்க்காமல் விட்ட எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால், பல நேரம் “இது அப்போது ஏன் இல்லை?” என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1989-இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, தீர்மானிக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கே என்று திட்ட ஆவணத்தில் (இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளை எழுதிய ஆவணம்) எழுதியிருந்தால், நீதிபதி “முடிவு சரியா?” என்று பார்ப்பதில்லை, “நியாயமே இல்லாத முடிவா?” என்றுதான் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். கலிஃபோர்னியா, இல்லினாய், டெக்ஸஸ் போன்ற சில மாநிலங்கள் காப்பீட்டு பாலிசிகளில் இந்த மாதிரி வாசகத்துக்குத் தடை போட்டிருக்கின்றன. அதனால் நீங்கள் எந்த மாநிலம், பாலிசி எந்த மாநிலத்தில் எழுதப்பட்டது என்பது முக்கியம். முடிவு சொல்கிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே நிறுவனம் என்றால் அந்த முரணையும் ஒரு காரணியாக எடைபோட வேண்டும் என்று 2008-இல் மெட்லைஃப் எதிர் கிளென் வழக்கில் தீர்ப்பு வந்தது. உதவிதான், ஆனால் அது மட்டுமே வழக்கை ஜெயித்துக் கொடுக்காது.

வழக்கில் ஜெயித்தாலும் பொதுவாகக் கிடைப்பது நிறுத்திவைத்த பணம், வட்டி, நீதிமன்றம் விரும்பினால் வக்கீல் கட்டணம், அவ்வளவுதான். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, தண்டனைத் தொகை எல்லாம் எரிஸாவில் இல்லை. மறுத்துப் பார்ப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மறுப்புக் கடிதங்கள் ஏன் இவ்வளவு தாராளமாக வருகின்றன என்பதும் அப்போது புரியும்.

அரசு வேலை, தேவாலயம் சார்ந்த நிறுவனம், அல்லது கம்பெனி சம்பந்தமில்லாமல் நீங்களே தனியாக வாங்கிய பாலிசி என்றால் எரிஸா பொருந்தாது. அங்கே மாநிலச் சட்டம்தான், கதையே வேறு. உங்களுடையது கம்பெனி பாலிசி என்று எழுதியிருப்பதால் எரிஸா என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கிளெய்ம் பிரிவில் இருந்தபோது வந்த ஒரு அப்பீல் கடிதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதினான்கு பக்கம். பன்னிரண்டு வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியது, வீட்டுக் கடன், மகனின் காலேஜ் ஃபீஸ், எங்கள் நிறுவனத்துக்கு மனசாட்சி உண்டா என்ற கேள்வி. படித்தால் மனசு கனக்கும். ஆனால் கூடவே ஒரு மருத்துவக் காகிதமும் இல்லை. பழைய கோப்பில் ஒரு வரி கூட மாறவில்லை. அதனால் முடிவும் மாறவில்லை. சட்டப்படி அப்பீலை முதலில் மறுத்தவர் பார்க்கக் கூடாது, அவருக்குக் கீழே வேலை செய்பவரும் பார்க்கக் கூடாது, முதல் முடிவுக்குச் சலுகை காட்டாமல் புதிதாகப் பார்க்க வேண்டும். புதிதாகப் பார்க்க அவரிடம் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

சரி, எங்கே தொடங்குவது? இன்றே ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். அப்பீலை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோப்பைக் கேளுங்கள். “என் கிளெய்ம் கோப்பு முழுவதும், பாலிசி, திட்ட ஆவணம், முடிவுக்குப் பயன்படுத்திய உள் வழிகாட்டிகள், மருத்துவ ஆலோசகர்கள், வேலைவாய்ப்பு ஆய்வாளர்கள் கொடுத்த அறிக்கைகள், தொலைபேசிக் குறிப்புகள், கண்காணிப்பு வீடியோ இருந்தால் அதுவும்” என்று கேட்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். திட்ட ஆவணத்தைத் தனியாகக் கம்பெனி ஹெச்.ஆரிடமும் எழுத்தில் கேளுங்கள். திட்ட நிர்வாகி 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஃபோனில் கேட்டதற்கு ஆதாரம் அவர்கள் எழுதிவைக்கும் குறிப்பு மட்டும்தான்.

கோப்பு வந்ததும், முதுகு வலிக்கும் மனிதருக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். ஆயிரம் பக்கம் கூட இருக்கலாம். பாதி குப்பைதான், ஆனால் மற்ற பாதியில் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது இருக்கும். நான் படித்த ஒரு கோப்பில், அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் குறிப்பில் “நோயாளி நன்றாக இருக்கிறார்” என்று ஒரு வரி. தையல் போட்ட இடம் நன்றாக ஆறியிருக்கிறது என்பதுதான் அந்தப் பக்கத்தின் விஷயம். நிறுவனத்தின் மருத்துவர் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து மூன்று இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார். மூன்று வரி தள்ளி “பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை” என்று அதே டாக்டர் எழுதியிருந்தது மட்டும் எங்கேயும் வரவில்லை.

இதில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. டாக்டர் உள்ளே வந்து “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் நம்மாட்கள் அனிச்சையாக “நல்லா இருக்கேன் டாக்டர், பரவாயில்லை” என்பார்கள். மரியாதைக்குச் சொல்வதுதான். அந்த மரியாதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, பகலில் எத்தனை முறை படுக்க வேண்டியிருக்கிறது, மாத்திரை போட்டால் எவ்வளவு நேரம் தூக்கமும் மந்தமும் இருக்கிறது. அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்து கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். மிகைப்படுத்த வேண்டாம். நல்ல நாள் இருந்தால் நல்ல நாள் என்றும் எழுதட்டும். எல்லா நாளும் ஒரே மாதிரி மோசம் என்று எழுதிய நாட்குறிப்பை யாரும் நம்புவதில்லை.

இப்போது மறுப்பின் மையத்துக்கு வருவோம். பெரும்பாலான பாலிசிகளில் முதல் 24 மாதம் “உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியவில்லையா?” என்பது சோதனை. அதற்குப் பிறகு “உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையையும் செய்ய முடியவில்லையா?” என்று சோதனை மாறிவிடும். உடம்பு அதேதான், கேள்விதான் மாறுகிறது. உங்கள் கணவருக்கு நடந்தது இதுதான். முந்தைய இரண்டு வருடம் பணம் கொடுத்ததை வைத்து மட்டும் இப்போதும் கொடுக்க வேண்டும் என்று வாதாடாதீர்கள். புதிய சோதனைக்குத்தான் பதில் வேண்டும்.

“எந்த வேலையும்” என்றால் நிஜமாகவே எந்த வேலையும் இல்லை. பாலிசியில் பெரும்பாலும் ஒரு சம்பள அளவு இருக்கும். பழைய சம்பளத்தில் இத்தனை சதவீதமாவது தரும் வேலையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் பாலிசியில் அந்த எண்ணைத் தேடுங்கள். மறுப்புக் கடிதத்தில் அவர்களுடைய வேலைவாய்ப்பு ஆய்வாளர் இரண்டு மூன்று வேலைகளின் பெயர் கொடுத்திருப்பார். ஒவ்வொன்றும் அந்தச் சம்பள அளவைத் தொடுகிறதா? அவருக்கு இல்லாத சான்றிதழ் எதையாவது கேட்கிறதா? இந்த ஆய்வாளர்கள் நம்பியிருப்பது பல நேரம் தொழிலாளர் துறையின் பழைய தொழில் அகராதி, கடைசியாக 1991-இல் திருத்தியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் உண்டு, இன்றைய அலுவலகம் எப்படி ஓடுகிறது என்பதுதான் அதில் இல்லை.

அடுத்தது “உட்கார்ந்து செய்யும் வேலை” என்ற சொல். கேட்க இலகுவாக இருக்கும். நடைமுறையில் அதன் பொருள், எட்டு மணி நேர நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிய வேண்டும், எப்போதாவது 10 பவுண்டு தூக்க முடிய வேண்டும் என்பதுதான். முதுகு போனவருக்கு இங்கே தூக்குவதைவிட உட்காருவதுதான் பெரிய பிரச்சினை. எட்டு மணி நேர நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவரால் உட்கார்ந்து செய்யும் வேலையைச் செய்ய முடியாது என்று அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அர்மானி என்பவரின் வழக்கில் சொன்னது. நீங்கள் வேறு வட்டாரத்தில் இருந்தால் அது கட்டுப்படுத்தாது, ஆனால் எந்த எண்ணைச் சுற்றி ஆதாரம் சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. உங்கள் கணவரின் மொத்தக் கோப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஒரு நாளில், ஒரு வாரத்தில், நம்பத்தகுந்த வகையில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும்?

அதனால் டாக்டர் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நேரம் செலவிடுங்கள். “இவர் முழுமையாக இயலாதவர், எந்த வேலையும் செய்ய முடியாது” என்று நாலு வரியில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும், பயன் கொஞ்சம்தான். சிகிச்சை தரும் டாக்டர் சொன்னால் அதற்குத் தனி எடை தர வேண்டும் என்ற கட்டாயம் எரிஸாவில் இல்லை என்று 2003-இலேயே பிளாக் அண்ட் டெக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் சொல்லாமல் ஒதுக்க முடியாது, அவ்வளவுதான். பயன்படும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்: “2-வது அறுவைக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இந்த இடத்தில் நரம்பு அழுத்தம் தெரிகிறது. என் பரிசோதனையில் இடது காலில் பலம் குறைந்திருக்கிறது. இதனால் 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது, அப்புறம் 15 நிமிடம் படுக்க வேண்டும். நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதை எதிர்பார்க்க முடியாது. வலி மருந்தால் கவனம் சிதறுகிறது. மாதத்தில் நாலைந்து நாள் வேலைக்கு வரவே முடியாது.” கண்டுபிடித்தது என்ன, அதனால் என்ன செய்யக் கூடாது, என்ன செய்ய முடியாது, எவ்வளவு நேரம் என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தையும் நிறுவன மருத்துவரின் அறிக்கையையும் டாக்டரிடம் கொடுத்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று புள்ளி புள்ளியாக எழுதச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரம் இருக்காது. நீங்கள் கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் பதிலாவது எழுதுவார்.

டாக்டரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். நிறுவனத்தின் மருத்துவர் அவரை ஃபோனில் கூப்பிடலாம். ஆபரேஷன் நடுவே கூப்பிட்டு, வாய்ஸ்மெயில் வைத்து, “இத்தனை நாளில் பதில் வராவிட்டால் இருப்பதை வைத்து முடிவு செய்வோம்” என்பார்கள். பேசிவிட்டாலோ, பேசியதன் சுருக்கம் என்று ஒரு கடிதம் வரும். டாக்டர் “ஆமாம், கொஞ்சம் தேறியிருக்கிறார்” என்று சொன்னது அதில் “வேலைக்குத் திரும்பலாம்” என்று ஆகியிருக்கலாம். கேள்வி எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று டாக்டர் சொல்வது நல்லது.

வலி கண்ணுக்குத் தெரியாதே என்று கவலைப்படுவீர்கள். உடல்திறன் மதிப்பீடு என்று ஒரு சோதனை உண்டு. பிசியோதெரபிஸ்ட் பல மணி நேரம், சில இடங்களில் இரண்டு நாள், உட்கார, நிற்க, தூக்க வைத்து அளப்பார். முழு முயற்சி எடுத்தாரா என்பதையும் அதிலேயே சோதிப்பார்கள், அதனால்தான் அதற்கு மதிப்பு. செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்வதற்கு முன் டாக்டரிடம் பாதுகாப்பா என்று கேளுங்கள். முடிவு பாதகமாக வரலாம் என்பதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள். மந்தம், மறதி பிரச்சினை பெரிது என்றால் நரம்பியல் உளவியல் சோதனை வேறு இருக்கிறது.

கூட வேலை பார்த்த ஒருவர், பழைய மேலாளர், நீங்கள், மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். “பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்” என்பதைவிட “மீட்டிங்கில் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நிற்பார், கடைசி மூன்று மாதம் டெஸ்ட் ரிப்போர்ட்டில் தப்பு வர ஆரம்பித்தது” என்பது ஆயிரம் மடங்கு மேல்.

படிவங்களில் கவனம். தினசரி வாழ்க்கைக் கேள்விப் படிவத்தில் “கார் ஓட்டுவீர்களா?” என்று இருக்கும், ஆம் என்று ஒரு டிக் போட்டுவிடுவார்கள். அந்த டிக் மறுப்புக் கடிதத்தில் ஒரு பத்தியாக வளர்ந்து நிற்கும். “மாத்திரை போடாத நேரத்தில், 15 நிமிடத் தூரத்துக்குள், வாரம் ஒரு முறை” என்று ஓரத்திலாவது எழுத வேண்டும்.

அப்புறம் கேமரா. ஆள் வைத்து வீடியோ எடுப்பது நிஜமாகவே நடக்கிறது, பொது இடத்தில் எடுத்தால் பொதுவாகச் சட்டவிரோதமும் இல்லை. அவர்கள் ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்ட நாளையொட்டிப் பல நேரம் எடுப்பார்கள். அன்றைக்கு எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியுமே. கடை வாசலில் பையைக் கார் டிக்கியில் வைக்கும் நாற்பது வினாடிக் காட்சி கோப்பில் இருக்கும், வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் படுத்திருந்தது இருக்காது. பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சொல்லவில்லை. முடியாது என்று எழுதியதை வெளியில் செய்ய வேண்டாம், செய்ய முடிவதை முடியாது என்று எழுத வேண்டாம். ஃபேஸ்புக்கில் பழைய டூர் படத்தை இன்றைய தேதியில் போடுவதையும் உறவினர்களிடம் சொல்லி நிறுத்துங்கள்.

ஒரு கண்ணிவெடியைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் வலியோடு வீட்டில் இருப்பவருக்கு மனச்சோர்வு வருவது சகஜம். மறைக்கவும் கூடாது, சிகிச்சை எடுக்காமல் இருக்கவும் கூடாது. ஆனால் பல பாலிசிகளில் மனநலக் காரணத்துக்கு மொத்தமே 24 மாதம்தான். நிறுவனம் கோப்பைப் புரட்டி “உண்மையான பிரச்சினை மனச்சோர்வு, அதற்கான 24 மாதமும் முடிந்தது” என்று திருப்பலாம். முதுகு மட்டுமே தன்னளவில் வேலைக்குத் தடை, மனச்சோர்வு அதன் விளைவு என்று டாக்டர் தெளிவாகப் பிரித்து எழுதுவது இதற்குத்தான்.

சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டிக்கு (வேலை செய்ய முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மாதத் தொகை) விண்ணப்பித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. விண்ணப்பிக்கச் சொல்லி நிறுவனமே வற்புறுத்தியிருக்கும். காரணம் அக்கறை இல்லை, அந்தப் பணத்தைத் தாங்கள் தரும் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான். பழைய சம்பளம் மாதம் 9,000 டாலர், பாலிசி 60 சதவீதம் என்றால் 5,400. சோஷியல் செக்யூரிட்டி 2,900 கொடுத்தால் நிறுவனம் 2,500 கொடுத்தால் போதும். பழைய மாதங்களுக்கு மொத்தமாக வரும் தொகையையும் “அதிகமாகக் கொடுத்துவிட்டோம்” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள், பிள்ளைகள் பெயரில் வரும் தொகையையும் கழிக்க பல பாலிசிகளில் இடம் இருக்கிறது. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி “இயலாதவர்” என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் அது உங்கள் கையில் நல்ல ஆயுதம். 2018 ஏப்ரல் 1-க்குப் பிறகு போட்ட கிளெய்ம்களில், அந்த முடிவோடு நிறுவனம் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மறுப்புக் கடிதத்தில் விளக்க வேண்டும். சிகிச்சை தந்த டாக்டரின் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்றும் விளக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த விளக்கம் இல்லையா? அதுவே அப்பீலில் ஒரு பத்தி.

அதே விதிகளில் இன்னொரு நல்ல அம்சம்: அப்பீலின்போது நிறுவனம் புதிதாக ஒரு மருத்துவ அறிக்கை வாங்கினால், முடிவு சொல்வதற்கு முன் அதை உங்களுக்கு அனுப்பி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்பீல் அனுப்பியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் ஒரு உறை வரும், அதில் குறுகிய கெடு இருக்கும். அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டுக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கு இப்படி. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து 180 நாள். உறையைத் தூக்கி எறியாமல் தேதியோடு வையுங்கள். 179-வது நாள் வரை காத்திருக்க வேண்டாம், அதற்காகப் பத்தாவது நாளே அவசரமாக அனுப்பவும் வேண்டாம். இந்த ஆறு மாதம் ஆதாரம் சேர்க்கத்தான். “நான் அப்பீல் செய்கிறேன்” என்று ஒரு வரி முதலிலேயே அனுப்பிவிட்டால் அவர்கள் அதையே அப்பீலாக எடுத்துக்கொண்டு முடிவு சொல்லிவிடலாம், ஜாக்கிரதை. கோப்பு கேட்கும் கடிதத்தில் “இது அப்பீல் அல்ல” என்று ஒரு வரி சேருங்கள். அப்பீல் போனபின் அவர்களுக்கு 45 நாள், சிறப்புக் காரணம் சொல்லி இன்னும் 45 நாள் நீட்டிக்கலாம். நீதிமன்றத்துக்கான கெடுவும் பாலிசியிலேயே இருக்கும். அது அப்பீல் நடக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. அப்பீலும் மறுக்கப்பட்டால் அந்தக் கடிதத்தில் கடைசித் தேதி இருக்க வேண்டும், முதலில் அதைத் தேடுங்கள்.

வக்கீல் வேண்டுமா? இங்கே நான் நடுநிலை காட்டப்போவதில்லை. உங்கள் கணவரின் வயதுக்கு இன்னும் பல வருடம் பணம் வர வேண்டியிருக்கும். மாதம் சில ஆயிரம் டாலர் என்றால் மொத்தக் கணக்கு பெரியது. எரிஸா டிசபிலிட்டி மட்டுமே செய்யும் வக்கீலை அப்பீலுக்கு முன்பே பாருங்கள். அப்பீலை நீங்களே எழுதித் தோற்றபிறகு போனால், பூட்டிய கோப்பைத்தான் அவர் கையில் கொடுப்பீர்கள். முதல் ஆலோசனை பல இடங்களில் இலவசம். கட்டணம் பெரும்பாலும் ஜெயித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும், கொஞ்சம் மேலேயும் போகும். வருங்காலத்தில் வரும் மாதப் பணத்திலும் எடுப்பாரா, எத்தனை வருடம், தோற்றால் உடல்திறன் மதிப்பீட்டுச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுப் பத்திரம் எழுதிக்கொடுத்த குடும்ப வக்கீல் இதற்குச் சரிப்பட மாட்டார். தொகை சிறியது, இன்னும் ஒரு வருடத்தில் பாலிசிக் காலமே முடிகிறது என்றால் நீங்களே எழுதலாம், மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

நீங்களே எழுதினால் அப்பீல் கடிதம் மறுப்புக் கடிதத்தின் வரிசையிலேயே போகட்டும். அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே உங்கள் பதில், பதிலுக்குப் பக்க எண்ணோடு ஆதாரம். ஃபேக்ஸ் செய்து உறுதித் தாளை வையுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

ஊருக்குப் போகும் விஷயம். முதலில் பாலிசியில் “வெளிநாட்டில் வசித்தல்” என்ற பிரிவைத் தேடுங்கள். பல பாலிசிகளில் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் ஆறு மாதம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் பணம் நிற்கும் என்று இருக்கும். சிலவற்றில் இன்னும் கடுமையாக இருக்கலாம். மூன்று மாதம் பொதுவாக அந்த எல்லைக்குள் வரும். ஆனால் பதினைந்து இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போனவர் இருபது நிமிடம் உட்கார முடியாது என்கிறாரே என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். எழுந்து நடந்தாரா, படுக்கும் வசதியுள்ள இருக்கை எடுத்தாரா, சக்கர நாற்காலி உதவி கேட்டாரா, இறங்கியபின் எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்பதையெல்லாம் குறித்து வையுங்கள், டிக்கெட்டில் உதவிக் கோரிக்கை பதிவாகியிருந்தால் அதன் நகலையும். என் ஓட்டு, அப்பீல் அனுப்பும்வரை போக வேண்டாம் என்பதுதான். போயே ஆக வேண்டும் என்றால், பாலிசி கேட்கும் “தொடர்ச்சியான மருத்துவக் கண்காணிப்பு” அறுபடாமல் இருக்க அங்கேயும் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஊரில் டாக்டர் சீட்டில் மருந்துப் பெயர் மட்டும் கிறுக்கித் தருவார். விடாதீர்கள். தேதி, பரிசோதனையில் என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதையும் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.